நடிக்க வராத அக்கா

அவளுக்கு நடிக்க வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஆள் உலகத்தில் ஒருவன்தான், அவளுடைய தம்பி. அவளோ நடிப்பில் பிழைத்தவள். மேடை, வானொலி, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது என்று கிடைத்ததையெல்லாம் செய்தவள், கைதட்டலும் வாங்கியவள். ஆனால் நாடகம் முடிந்து முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், பக்கக் கதவருகே கிரீஸ் படிந்த சட்டையோடு தம்பி நின்றுகொண்டிருப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்த கையோடு வந்திருப்பான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"அழற சீன்ல எங்க அக்கா அழுதா. மகாராணி எங்கன்னு கடைசி வரைக்கும் தேடிட்டு இருந்தேன். டிக்கெட் வாங்கினவங்க பாவம்."

"வாய்க்கொழுப்பு. நடிப்பைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ அதுக்கும் மேல. பாக்க வந்தவனையே கோணல்ங்கற."

"விமர்சகர் இன்னிக்கு வீட்ல சாப்பிடறதா உத்தேசமா, இல்ல பட்டினியா?"

அதோடு விமர்சகர் வாயை மூடிக்கொள்வார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பார்கள். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அதற்காக அவள் ஒப்பாரி வைத்ததும் இல்லை.

தம்பிக்கு நோய் வந்தது தெரியாமல் வந்தது. கூட வேலை பார்ப்பவன் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று ஒருநாள் சொன்னான். அவள் சிரித்தாள். அப்புறம் பஸ் கண்டக்டர், அப்புறம் மருந்துக் கடைக்காரர், அப்புறம் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர். கொஞ்ச நாளில் ஊரே நடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாரிடமும் வசனம் இருக்கிறது, தனக்கு மட்டும் கொடுக்கவில்லை, அதனால்தான் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று நடுங்கினான். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளை ஒரு ராத்திரி அசந்து தூங்கினால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் அந்த நோயிலும் ஒரு சந்து இருந்தது. ஊரே நடித்தாலும் அக்கா மட்டும் நடிக்க முடியாது. அவளுக்குத்தான் நடிக்க வராதே!

"உன்னை வெச்சு நாடகம் போட்டா அன்னிக்கே மாட்டிக்குவாங்க," என்பான். சொல்லிவிட்டு அவள் நீட்டுகிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வான். வேறு யார் கொடுத்தாலும் துப்பிவிடுவான். தனக்குக் கிடைத்ததிலேயே மோசமான விமர்சனத்தில்தான் தம்பியின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

மிகவும் முடியாத நாட்களில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு சொல்வான்: "அக்கா, உள்ள லிஃப்ட் நிக்காம ஓடுது. எந்த மாடியிலயும் கதவு தொறக்க மாட்டேங்குது."

முதல் தடவை கேட்டபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "எந்த மாடிக்குப் போகணும், சொல்லு. பட்டனை நான் அமுக்கறேன்."

அவன் நிஜமாகவே யோசித்தான். "கீழ," என்றான். அவள் அவனுடைய உள்ளங்கையை இழுத்து நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். இரண்டு பேரும் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் போலவே பேசாமல் காத்திருந்தார்கள். மெல்ல மெல்ல அவன் மூச்சு தணிந்தது. அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. மருத்துவரிடம்கூட அதை அவர்கள் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை, அது வீட்டு விஷயம்.

பிறகு கை உடைந்தது. கடைத்தெரு நடுவில் நின்றுகொண்டு, "நடிச்சது போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று கத்தியிருக்கிறான். யார் மேலும் கை வைக்கவில்லை. போலீஸ் வந்தது. கையைத் தூக்கு என்றார்கள். எவனோ எழுதிய வசனத்துக்கு நான் ஏன் கையைத் தூக்க வேண்டும் என்று இவன் நின்றிருக்கிறான். இரண்டு பேர் பிடித்து முறுக்கியதில் இடது முழங்கை போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அது நேராகவில்லை. லிஃப்ட் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், வேலையும் போயிற்று. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் ஸ்டேஷனுக்குப் போய்க் கத்தினாள். அங்கிருந்த அதிகாரி கெட்டவராகக்கூட இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. "அம்மா, எங்க பசங்களுக்குத் திருடனைப் பிடிக்கத்தான் சொல்லிக்குடுத்திருக்கோம். அதையே எல்லார்கிட்டயும் செய்யறாங்க. வேற எதுவும் யாரும் சொல்லிக்குடுக்கல," என்றார். மறுபடியும் ஒருநாள் இவன் தெருவில் நிற்பான், மறுபடியும் இவர்கள்தான் வருவார்கள் என்ற ஒரே நினைப்போடு வீட்டுக்கு வந்தாள்.

அதனால்தான், காவலர் பயிற்சிக் கூடத்தில் மனநோயாளி போல நடித்துக் காட்ட ஆள் தேடுகிறார்கள் என்று நாடகக்காரர்களுக்குள் பேச்சு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். தம்பியிடம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குரல் பயிற்சி கொடுக்கிறேன் என்றாள். உன் கையை உடைத்தவர்களிடம்தான் தினமும் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவன் சந்தேகப்படவே இல்லை. நடிக்க வராதவள் சொல்வதைச் சந்தேகப்படுவானா?

பயிற்சிக் கூடத்தில் ஒரு நீளமான அறை. தரையில் வெள்ளை டேப் ஒட்டி ஒரு வீடு வரைந்திருந்தார்கள். இங்கே வாசல், இங்கே சமையலறை, இங்கே ஜன்னல். நாற்காலிகள்தான் சுவர். அவள் கையில் மரத்தில் செய்த ஒரு கத்தி. காவலர்கள் ஜோடி ஜோடியாக டேப் வாசலுக்குள் வர வேண்டும். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம் எடுத்தவர் ஒரு மனநல மருத்துவர், குள்ளமான மனுஷி. எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. பூட்ஸ் போட்ட அந்தக் கூட்டம் எழுந்து நின்றால் அவர் இருக்கிற இடமே தெரியாது. குரல் மட்டும் நன்றாகக் கேட்கும்.

"ஒருத்தர் மட்டும் பேசுங்க. உங்க கை ரெண்டும் அவங்களுக்குத் தெரியணும். அவங்க உக்காந்தா நீங்களும் உக்காருங்க. பொய் சொல்லாதீங்க, குட்டிப் பொய்கூட வேண்டாம். அவங்க நம்பறதை இல்லைன்னு சண்டை போடாதீங்க, ஆமான்னும் தலையாட்டாதீங்க. அதுக்குள்ள என்ன வலி இருக்குன்னு கேளுங்க. அவங்க என்ன வார்த்தை சொல்றாங்களோ, அதையே எடுத்து அவங்ககிட்ட திருப்பிக் குடுங்க. கேட்டுட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும்."

ஆரம்பத்தில் அவள் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினாள். காவலர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் கண்ணடித்ததை அவள் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஜோடி வந்தபோது அவள் கத்தியை வலது கைக்கு மாற்றினாள், இடது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டாள், சுவரோரம் போய்க் குந்தினாள். "உள்ள லிஃப்ட் நிக்காம ஓடுது. எந்த மாடியிலயும் கதவு தொறக்க மாட்டேங்குது," என்றாள்.

கண்ணடித்தவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தம்பி வீட்டில் இல்லாதபோது அவன் அலமாரியைத் திறந்து ஊருக்குக் காட்டுவது போல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. இவர்கள் நாளைக்கு அவன் முன்னால் நிற்கப் போகிறவர்கள், இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் அவள் தம்பியாகத்தான் நடித்தாள். அவள் லிஃப்டைப் பற்றிச் சொல்வாள். "லிஃப்ட் நிக்கலையா? கதவு தொறக்கலையா?" என்று காவலர் திருப்பிச் சொல்வார். அவள் மெதுவாகக் கத்தியைக் கீழே வைப்பாள். எல்லாரும் கைதட்டுவார்கள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று ஊரில் கேலி பேசுவார்கள், இங்கே கிளிப்பிள்ளையாக இருப்பதுதான் பாடம். யார் சொன்னாலும் அவள் கத்தியை வைத்துவிடுவாள். வைக்காமல் இருக்க மனசு வராது. அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று அந்த அறையில் அவளைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை.

அந்தக் காவலர்களில் ஒருவனை எல்லாரும் மலை என்று கூப்பிட்டார்கள். வாசலில் நுழைந்தால் வெளிச்சம் மறையும். முதல் நாள் டேப் வாசலை ஒரே எட்டில் தாண்டி, "கத்தியைக் கீழ போடு!" என்று அலறிக்கொண்டே அவளுடைய இடது முழங்கையைப் பிடித்துவிட்டான். அவள் போட்ட கூச்சல் நடிப்பில்லை. மலை கையை உதறிவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொண்டான்.

தேநீர் இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்தான். "மன்னிச்சுக்கங்க மேடம். எனக்கு மெதுவா எதுவுமே வராது. எங்க வீட்ல என்கிட்ட கண்ணாடி டம்ளரே குடுக்க மாட்டாங்க, பிளாஸ்டிக்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு காகிதக் கோப்பையைப் பிடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தாள். இந்த மாதிரி இரண்டு கைகள்தான் அன்று முறுக்கியிருக்கும். இந்தக் கைகள் கற்றுக்கொண்டுவிட்டால் ஊரில் வேறு எந்தக் கையும் கற்றுக்கொள்ளும். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் அவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். எப்படி உட்காருவது, எப்படி மூச்சு விடுவது, குரலை எங்கே இறக்குவது. மலை மாய்ந்து மாய்ந்து கற்றுக்கொண்டான்.

ஒருநாள் கேட்டான்: "மேடம், லிஃப்ட் நிக்கலையான்னு நான் திருப்பிச் சொல்லிட்டேன். நீங்க கத்தியை வெச்சுடறீங்க. நெசமாவே ஒருத்தர் வெக்கலன்னா? அடுத்து என்ன சொல்றது?"

டாக்டரம்மாவின் பாடத்தில் அதற்கு விடை இல்லை. அவளிடம் இருந்தது. காலிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் நசுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "எந்த மாடிக்குப் போகணும்னு கேளுங்க. பட்டனை நான் அமுக்கறேன்னு சொல்லுங்க."

மலை அதை வாய்ப்பாடு போல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கடைசித் தேர்வில் அந்தக் குழுவிலேயே அவன்தான் முதல். மற்றவர்களெல்லாம் கைதட்டி ஓய்ந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த குழு உடனே வந்துவிட்டது. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வீடு. தம்பி மறுபடியும் தூங்காமல் உலாத்த ஆரம்பித்திருந்தான். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க உன்னை விடவே மாட்டேங்குதுங்களா?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மருத்துவரிடம் போகலாம் என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஒரு மதிய நேரத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா போன் செய்தார்.

"எங்கம்மா இருக்க? உன் தம்பி நம்ம கட்டடத்து ஆறாவது மாடியில லிஃப்ட் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கான். கிட்ட போனா நகர்றான். போலீசுக்குச் சொல்லிட்டாங்க. ஓடி வா!"

லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கிற மெக்கானிக் சாவியை அவன் வேலை போன பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாடகைக் காரில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, போலீஸ் என்ற வார்த்தை மட்டும்தான் மண்டைக்குள் இடித்தது. எந்தப் போலீஸ்? கற்றவனா, கல்லாதவனா?

கட்டடத்து வாசலில் கூட்டம். லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். அவள் படியேறினாள். மூச்சு வாங்கி ஐந்தாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டபோது, மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்கு அவசரமே இல்ல தம்பி. நானும் இங்கயே உக்காந்துக்கறேன். தொப்பியைக் கழட்டி வெச்சுட்டேன். கை ரெண்டும் இதோ இருக்கு, பாத்துக்கங்க."

மலை! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் இதற்குத்தான். குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்குகிறான், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறான். தான் பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்க்கிறவளைப் போலப் பூரித்துப் போய் அங்கேயே ஒரு நிமிடம் நின்றாள். அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அழுதாள்.

தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. மலை என்னென்னவோ கேட்டுப் பார்த்தான். பெயர் கேட்டான், தண்ணீர் வேண்டுமா என்றான். பதில் இல்லை. திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தையாவது அவர்கள் கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுக்காதவனிடம் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டேப் வீட்டில் இருந்தவள் எப்போதும் முதலில் பேசினாள். இங்கே கண்ணெதிரே லிஃப்ட் குழி. அதைப் பார்த்ததும் அவனுக்கு லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா, பாவம்!

"உள்ள லிஃப்ட் நிக்காம ஓடுதா தம்பி? எந்த மாடியிலயும் கதவு தொறக்க மாட்டேங்குதா?"

தம்பி அதைச் சொல்லவில்லையே. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே.

"எந்த மாடிக்குப் போகணும், சொல்லுங்க. பட்டனை நான் அமுக்கறேன்."

தம்பியின் குரல் வந்தது. மிகவும் நிதானமான குரல். "இதை உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

குட்டிப் பொய்கூடச் சொல்லக் கூடாது. மலை நல்ல மாணவன். "எழுதிக் குடுக்கல தம்பி. எங்க பயிற்சியில ஒரு மேடம் சொல்லிக்குடுத்தாங்க."

"எந்த மேடம்?"

அவள் அப்போது கீழேயே நின்றிருக்கலாம். திரும்பி இறங்கிப் போயிருக்கலாம். அதெல்லாம் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்குத் தோன்றுவது. தம்பி குழியோரம் உட்கார்ந்திருக்கும்போது எந்த அக்கா இறங்கிப் போவாள்? மிச்சப் படிகளை ஓடி ஏறினாள்.

மலை திரும்பிப் பார்த்தான். சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மேடம்! நீங்க எப்படி இங்க? நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சேன் மேடம்!"

தம்பி அவளைப் பார்த்தான். அவளை, மலையை, பிறகு மறுபடியும் அவளை. அவன் முகத்திலிருந்த பயம் வடிந்தது. குழப்பமும் வடிந்தது. இத்தனை வருஷம் பொருந்தாமல் இருந்த ஒரே ஒரு துண்டும் பொருந்திவிட்ட நிம்மதி அது. அந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் கால்களைக் குழியிலிருந்து வெளியே எடுத்தான். எழுந்தான். ஒற்றைக் கையால் கதவை இழுத்து மூடி, சாவியைத் திருப்பி, பழைய வழக்கம் விடாமல் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். பிறகு சாவியை மலையின் உள்ளங்கையில் வைத்தான்.

"சீன் முடிஞ்சுதா?" என்றான்.

"டேய், தம்பி... நான்தான்டா..."

"நல்லா பண்றீங்க மேடம்," என்றான் மரியாதையாக. "இத்தனை வருஷம் எனக்குத் துளிகூடத் தெரியல."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தையல்காரம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டார். கூடியிருந்தவர்கள் மலைக்குக் கைகொடுத்தார்கள். உடைந்த எலும்பு இல்லை, ஒரு கீறல் இல்லை, விலங்கு இல்லை. தம்பி தானாக நடந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டான். நாடகத்தில் யாராவது நிஜமாகச் சாவார்களா என்ன?

மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தான். பயிற்சிக் கூடத்தில் அந்தச் சம்பவத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். தப்பும் இல்லை, அது பெருமைப்பட வேண்டிய சம்பவம்தான். மலை மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"அவர் உங்க தம்பின்னு எனக்குத் தெரியாது மேடம். நான் எங்க தப்பு செஞ்சேன், சொல்லுங்க."

"நீங்க செய்யல. அவன் குடுக்காததைத் திருப்பிக் குடுத்தீங்க. அதை உங்ககிட்ட குடுத்தது நான்."

மலை அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், கண்ணாடி டம்ளரில். அவன் இரண்டு கையாலும் பயந்து பயந்து வாங்கிக் குடித்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் பயிற்சிக் கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். டாக்டரம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னாள். "அவங்க வாயிலேர்ந்து வர்ற வரைக்கும் எந்த வார்த்தையும் வேண்டாம்னு சொல்லிக்குடுங்க. ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்திருக்கறதையும் பாடமா வைங்க." டாக்டரம்மா சரி என்றார். தம்பிக்கு அந்த எண்ணம் போய்விடுமா என்று அவள் கேட்டதற்கு, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். அவரும் பொய் சொல்லாதவர்.

தம்பி வீட்டுக்கு வந்தான். சாதுவாக இருந்தான். அவள் கொடுக்கிற மாத்திரையைத் தடையில்லாமல் போட்டுக்கொண்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். சமையலறைக்குள் வருவதற்கு முன் கதவைத் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான். அந்த நன்றியைக் கேட்கும்போதெல்லாம், என்னைத் திட்டடா, தட்டை எடுத்து எறியடா என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருக்கும்.

ஒரு பிற்பகல் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு... கேளுங்க."

"எங்க அக்காவை எங்க வெச்சிருக்கீங்க?"

குழாயை நிறுத்தினாள். இல்லை என்று சண்டை போடக் கூடாது. ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது. அதற்குள் இருக்கிற வலியைக் கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம்.

"அக்கா ஞாபகமாவே இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. ராத்திரியெல்லாம் உள்ள ஓடுது. அவ இருந்தா..." நிறுத்திக்கொண்டான். "உங்களுக்குத்தான் தெரியுமே. அவகிட்டேர்ந்துதானே கத்துக்கிட்டீங்க."

ஈரக் கையைத் துடைக்காமலே அவள் கையை நீட்டினாள், அவனுடைய உள்ளங்கைக்காக. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கோணல் கை சரியாகப் போகவில்லை, ஆனாலும் மறைத்துக்கொண்டான்.

"அது மட்டும் வேண்டாம் மேடம். தப்பா நினைக்காதீங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் போகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, முன்பெல்லாம் பக்கக் கதவருகே நின்று பார்ப்பானே, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நல்லா அழறீங்க," என்றான் கடைசியில். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "எங்க அக்கா மேடையில அழுதா பாக்க சகிக்காது. அவளுக்கு நடிக்கவே வராது மேடம். ஆனா அவதான் எனக்கு வேணும்."

வாசல் பக்கம் திரும்பியவன் நின்றான்.

"அவ வந்தா சொல்லுங்க. வழக்கமா நிக்கற எடத்துலதான் நிக்கறேன்னு."

"சொல்றேன்," என்றாள் அக்கா.